பணத்துக்கு முன்னால் ஒரு நோட்டு

வாசகர் கேள்விகள். பதில் எழுதுபவர், சிவகங்கை மாவட்டத்தில் 31 ஆண்டுகள் உயிரியல் ஆசிரியையாகவும் பள்ளிப் பசுமைப் படைப் பொறுப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.

*அம்மா, நாங்கள் பதினோரு இளைஞர்கள். எங்கள் ஊருணி முழுக்கச் சீமைக்கருவேலம். தூர்வாரி, கரையில் மரம் வைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கேயே இயற்கை வகுப்பு நடத்த ஆசை. 10 லட்சம் ஆகும் என்கிறார்கள். மானியம் எங்கே கிடைக்கும்? எப்படி எழுத வேண்டும்?*
– ஓர் இளைஞர், திருப்புவனம் வட்டாரம்

தம்பி, அந்த 10 லட்சம் மண் அள்ளும் இயந்திரக்காரர் சொன்ன கணக்காக இருந்தால், இப்போதைக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

முதலில் அந்த நீர்நிலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஊருணி என்றால் ஊராட்சி. கண்மாயாக இருந்து ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் போனால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அவர்கள் எழுத்தில் சம்மதம் தராமல் எந்த மானியக்காரரும் பணம் அனுப்ப மாட்டார். கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் நாளில் எல்லோரும் போய் உட்காருங்கள். தீர்மானம் போட வைத்து, நகலைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். தூர்வாருவதிலும் ஒரு பகுதிக்குப் பணமே வேண்டாம். வட்டாட்சியர் அனுமதி வாங்கினால் விவசாயிகளும் மண்பாண்டம் செய்கிறவர்களும் வண்டலை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பணியில் இருந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த ஊருணிக்காக ஒரு நிதி அமைப்புக்கு 8 லட்சம் கேட்டு எழுதினேன். பதினான்கு பக்கம். விழிப்புணர்வு, நிலைத்த வளர்ச்சி, வருங்காலத் தலைமுறை என்று எல்லாச் சொற்களும் அதில் இருந்தன. பரிசீலித்தவர் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "போன ஐப்பசியில் ஊருணியில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, டீச்சர்?" எனக்குத் தெரியவில்லை. தினமும் இரண்டு முறை அந்தக் கரையில் நடந்து போகிறவள் நான். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் கேட்டது சரியான கேள்வி.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துறைக் கல்லில் அரை அடிக்கு ஒரு கோடு வெள்ளைப் பெயின்ட்டில் போட்டார்கள். அன்று முதல் ஒரு வருடம், திங்கள்தோறும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, முந்தின வாரம் எத்தனை நாள் மழை, கரையில் என்ன பறவை, யார் எதற்குத் தண்ணீர் எடுத்தார்கள் என்று எழுதினார்கள். கார்த்திகையில்தான் எங்களுக்கு உறைத்தது. நாலு நாள் நல்ல மழை பெய்தும் தண்ணீர் ஒரு கோடுகூட ஏறவில்லை. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தோம். முக்கால் கிலோமீட்டர் தூரத்தில் சாலைக்கு அடியில் போட்ட குழாய், வாய்க்கால் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. வந்த தண்ணீரெல்லாம் அங்கேயே தேங்கி, பக்கத்து வயலில் வடிந்துகொண்டிருந்தது. 8 லட்சம் வாங்கித் தூர்வாரியிருந்தாலும் ஆழமான வெறும் பள்ளம்தான் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் முறை ஆறு பக்கம் எழுதினேன், நோட்டின் நகலையும் சேர்த்தேன். கேட்டது 1,40,000 ரூபாய். குழாயை இறக்கிப் போட, வரத்துக்காலை ஒழுங்கு செய்ய, மூன்று வருடம் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒருவருக்குக் கூலி, பிள்ளைகளுக்கு நோட்டும் அளவுகோலும். கிடைத்தது.

கூலிக்கு ஒதுக்கிய தொகையைக் கவனித்தீர்களா? எனக்கு வரும் வரைவு விண்ணப்பங்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது அதுதான். குழி வெட்டக் காசு இருக்கும், கன்று வாங்க, வேலி போட, திறப்பு விழாவுக்குப் பந்தல் போட எல்லாம் இருக்கும். சித்திரையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதற்கு ஒரு ரூபாய் இருக்காது.

உங்கள் உழைப்புக்கும் விலை போட்டு எழுதுங்கள். பதினோரு பேர் மாதம் இரண்டு ஞாயிறு வேலை செய்தால் அது உங்கள் பங்குத்தொகை. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறுமானியத் திட்டம் என்று ஒன்று 1992 முதல் நடக்கிறது, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் அதைச் செயல்படுத்துகிறது. அங்கேகூடப் பங்கு கேட்பார்கள், அதைப் பொருளாகவும் உழைப்பாகவும் காட்டலாம். நம் அரசின் 'நமக்கு நாமே' திட்டமும் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ஏற்பாடுதான். உங்கள் அளவுக்கு அதை முதலில் விசாரியுங்கள், ஒன்றிய அலுவலகத்தில் சொல்வார்கள்.

சங்கமாகப் பதிவு செய்ய 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். இப்போதே செய்துவிடுங்கள். வயது ஏறாத சங்கத்துக்குப் பல கதவுகள் திறக்காது.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும், வேரோடுதான் எடுக்க வேண்டும். ஆனால் எடுக்கும் முன் மேலே நிமிர்ந்து பாருங்கள். கொக்கோ நாரையோ கூடு கட்டியிருந்தால் குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்த மரத்தைத் தொடாதீர்கள். மாற்று மரம் வளரும் வரைக்கும் சிலதை விட்டுவைப்பதே நல்லது.

*எங்கள் சங்கத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் அனுப்பத் தயார். நேராக வாங்கிக்கொள்ளலாமா?*
– ஒரு செயலாளர், பரமக்குடி

அவசரப்பட்டு வாங்காதீர்கள். அனுப்புகிறவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் ஆகும். அங்கே பதிவான ஊர்ச்சங்கத்தின் பெயரில் வந்தாலும் ஆகும். அப்போது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். அதற்குச் சங்கம் தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் நற்பணிக்குச் செலவழித்த கணக்கும் வேண்டும். பணத்தை வாங்குவதும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான். நல்ல தணிக்கையாளர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு அவர்களுக்குப் பதில் சொல்லுங்கள்.

*ஒரு நிறுவனம் பிப்ரவரி கடைசியில் எங்கள் கண்மாய்க் கரையில் 2,000 மரக்கன்று நட்டுத் தருவதாகச் சொல்கிறது. ஒரே நாளில் முடித்துவிடுவார்களாம். சம்மதிக்கலாமா?*
– ஊராட்சி உறுப்பினர் ஒருவர், மானாமதுரைப் பக்கம்

பிப்ரவரியில் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் பணம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஏன் பிப்ரவரி? 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது. அதனால் தை, மாசியில் அவசரம் பிறக்கிறது. நம் பக்கத்தில் மழை ஐப்பசி, கார்த்திகையில். மாசியில் வைத்த கன்று பங்குனி வெயிலைத் தாண்டாது. ஒரு கரையில் அப்படி வைத்த கன்றுகளை அடுத்த ஆடியில் என் மாணவர்கள் எண்ணினார்கள். 600-க்கு 41 உயிரோடு இருந்தன. கருகிய குச்சிகளுக்கு நடுவே அந்தப் பிள்ளைகள் நின்ற முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. தொடங்கும் ஆண்டு நீங்கலாக மேலும் மூன்று ஆண்டு வரை போகும் பணியை 'தொடர் திட்டம்' என்று நிறுவனம் அறிவிக்கலாம். செலவாகாத தொகையை ஆண்டு முடிந்து 30 நாளுக்குள் அதற்கென்று தனிக் கணக்கில் போட்டுவைத்துப் பிறகு செலவழிக்கலாம். வருகிற அதிகாரியிடம் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். 2,000 கன்றுக்குப் பதில் 300 கேளுங்கள், ஐப்பசியில் நடுவதாகச் சொல்லுங்கள், மீதித் தொகையைத் தண்ணீருக்கும் கூலிக்கும் வைக்கச் சொல்லுங்கள். கரைக்குப் பனை ஏற்றது. பனங்கொட்டையை ஊரிலேயே பொறுக்கிக்கொள்ளலாம், விலை கிடையாது. மதகுப் பக்கமும், மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலுங்குப் பக்கமும் மட்டும் எதையும் நடாதீர்கள்.

பணத்தை வாங்கிச் செலவழிக்கப்போவது உங்கள் ஊர் அமைப்பு என்றால் அதற்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், மூன்று ஆண்டு அனுபவமும், நிறுவனங்களின் சமூகப் பணி நிதியை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இருக்கிற அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து செய்யுங்கள்.

*டீச்சர், எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு இந்த வருடம் 5,000 ரூபாய் வந்திருக்கிறது. இதில் உருப்படியாக என்ன செய்ய முடியும்?*
– ஓர் ஆசிரியை, தேவகோட்டை

நிறையச் செய்யலாம். நானும் பல வருடம் அந்த 5,000-ல்தான் ஓட்டினேன். பேனருக்கும் தொப்பிக்கும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பாதி அதிலேயே கரைந்துவிடும்.

ஓரளவு நல்ல பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். மீதியில் நோட்டு, பென்சில், ஒரு வேன் வாடகை. மார்கழிக்குள் ஒரு நாள் பிள்ளைகளை வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். 38 ஹெக்டேர் சொச்சம்தான். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கிளை தெரியாமல் உட்கார்ந்திருக்கும். பறவையைப் பார்த்த பிறகு சரணாலயத்தை ஒட்டியிருக்கும் கொள்ளுகுடிப்பட்டி ஊருக்குள் போய்ப் பெரியவர்களோடு பேச வையுங்கள். பறவைகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. வனத்துறை அந்த வீடுகளுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. எந்த மானியமும் வருவதற்கு முன்னால் அவர்களாகவே எடுத்த முடிவு. அதை அந்த ஊர்ப் பாட்டி வாயால் கேட்கிற பிள்ளைக்கு நான் நடத்திய எந்தப் பாடமும் ஈடாகாது.

திரும்பி வந்ததும் பொங்கல் கணக்கெடுப்புக்குத் தயார் செய்யுங்கள். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணுகிறார்கள். கட்டணம் இல்லை, யாரும் சேரலாம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி எழுதினால் ஒரு பட்டியல். காக்கையும் மைனாவும் கணக்கில் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் அவற்றை எழுதக் கூச்சப்படுவார்கள். பார்த்த நேரத்தையும் இடத்தையும் மறக்காமல் குறிக்கச் சொல்லுங்கள். முதல் பட்டியல் தயாரானதும் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த வருடம் நீங்கள் பெரிய தொகைக்கு விண்ணப்பம் எழுதும்போது முதல் இணைப்பாக எதை வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.