சங்குக்கு 1 போட்டேன், 2 போடவில்லை

கேள்வி: ஜனாதிபதித் தேர்தலுக்கு அடுத்த நாள், ஒரு வாக்காளராக உங்களுக்கு எப்படி இருந்தது?

எரிச்சலாக இருந்தது. முன்னணி வேட்பாளர்களான அநுர மேலோ சஜித் மேலோ இல்லை, என் மேலேயே.

2024 செப்டம்பர் 22, ஞாயிறு. யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் எங்கள் வீடு. முதல் நாள் இரவு 10 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள், காலை 6 மணிக்கு எடுத்துவிடுவார்கள் என்று பார்த்தால் மதியம் 12 வரை நீட்டிவிட்டார்கள். ஒழுங்கையில் ஆள் அசுமாத்தம் இல்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவும் வரவில்லை. அம்மா மாக் குழைத்து ரொட்டி சுட்டார், நானும் அப்பாவும் இரவெல்லாம் முழித்த கண்ணோடு டிவிக்கு முன்னால் தேத்தண்ணியும் கையுமாக இருந்தோம்.

எங்கள் வீட்டில் மூன்று வாக்கு, மூன்றும் மூன்று திக்கு. அப்பா தமிழரசுக் கட்சி சொன்னபடி சஜித்துக்கு (அந்தக் கட்சிக்குள்ளேயே சிலர் சங்குக்கு வேலை செய்தது வேறு கதை). அம்மா அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணிலுக்கு. 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் வரிசையில் நின்ற கால்வலி அவருக்கு இன்னும் போகவில்லை, வரிசையை இல்லாமல் செய்த மனுசனுக்குத்தான் என்று ஒரே பிடி. ரணிலின் சின்னமும் காஸ் சிலிண்டராக அமைந்தது பொருத்தம்தான். நான் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு, சங்குச் சின்னம். அவர் ஜனாதிபதியாக வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது, அது இன்னும் தீரவில்லை என்று காட்டப் போட்ட வாக்கு அது.

38 பேர் களத்தில். வாக்குச்சீட்டு கிட்டத்தட்ட 27 அங்குலம், சாரம் மடிக்கிற மாதிரி மடிக்க வேண்டியிருந்தது. விரலால் மேலிருந்து கீழே தேடிச் சங்கைப் பிடித்து 1 போட்டேன். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலுக்கு 2, 3 என்று இன்னும் இரண்டு பேருக்கு விருப்பம் போடலாம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளை எடுத்து அதில் அடுத்த விருப்பம் இந்த இருவரில் யாருக்கு என்று எண்ணுவார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் பேனையோடு கொஞ்ச நேரம் நின்றேன். முந்தின கிழமை நோட்டீஸ் கொண்டுவந்த பெடியன் "சங்குக்கு மட்டும் போடுங்கோ அண்ணை, மற்றதெல்லாம் தேவையில்லை" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அதோடு 1982-இலிருந்து நடந்த எட்டுத் தேர்தலிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஆள் வென்றுவிட்டதே, இதை யார் எண்ணப்போகிறார்கள் என்ற அசட்டை. மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தால் அநுரவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76, ரணிலுக்கு 17.27. ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் எண்ணிக்கை நடக்கும் என்று தேர்தல் ஆணைக்குழு அறிவித்தது, சரித்திரத்திலேயே முதல் தடவை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கணக்கைப் பார்த்தால் நான் அலட்டிக்கொள்ளவே தேவையில்லை. சங்குக்கு நாடு முழுக்க விழுந்தது 2,26,343. கடைசியில் அநுரவுக்கும் சஜித்துக்கும் இடையே இருந்தது 12 இலட்சத்துக்கு மேல். நாங்கள் எல்லோரும் சேர்ந்து 2 போட்டிருந்தாலும் ஒரு மண்ணும் மாறியிராது. அதைவிட, முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த 33 இலட்சம் வாக்கில் இரண்டாம் சுற்றில் இருவருக்கும் சேர்ந்து போய்ச் சேர்ந்தது 2,73,131தான். அதாவது அந்த 33 இலட்சத்தில் முக்கால்வாசிக்கு மேல், என்னுடையதைப் போலவே, இருவருக்கும் போய்ச் சேரவில்லை. இதையெல்லாம் பிறகு கூட்டிக் கழித்து ஆறுதல்பட்டேன், அன்றைக்கு ஆறுதல் இல்லை.

பத்து மணிபோல மாத்தறைக்காரச் சினேகிதன் ஒருவன் போன் எடுத்தான், கொழும்பில் என்னோடு வேலை செய்தவன், 2022-இல் அரசுக்கு எதிரான போராட்டத்தில் காலிமுகத்திடலில் கூடாரத்தில் கிடந்தவன். "மச்சாங், 3 வீதத்திலிருந்து 42!" என்று கத்தினான். உண்மைதான், 2019-இல் அநுர எடுத்தது 3.16. அப்பன் பெயரோ மாமன் பெயரோ இல்லாத ஒருத்தன் அந்தக் கதிரைக்கு வருகிறான் என்பதில் எனக்கும் சந்தோஷம், பொய்யில்லை. ஆனால் இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பிரிக்க நீதிமன்றம் போனது அநுரவின் கட்சியான ஜே.வி.பி.தான், 2006-இல் தீர்ப்பும் வாங்கியது. அதை அவனிடம் அப்போது எடுத்துச் சொல்லி அவன் நாளைக் கெடுக்க மனம் வரவில்லை. வாழ்த்துச் சொல்லி வைத்தேன்.

அப்பாவுக்கு 2005 ஞாபகம். அந்த வருடம் புலிகள் சொன்ன புறக்கணிப்பில் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பேர்தான். மகிந்த ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கில் ரணிலை வென்றார். "போடாமல் விட்டும் பார்த்தம், போட்டும் பார்த்தம்," என்றார், ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டபடி. யாழ்ப்பாண முடிவில் சஜித் சங்கை நாலாயிரத்துச் சொச்சத்தால் முந்தியதில் மட்டும் மனுசனுக்கு ஒரு சின்னச் சிரிப்பு. அம்மாவின் சிலிண்டர் மூன்றாவது.

பொழுதுபட்ட பிறகு இறுதி முடிவு வந்தது. அநுர 57,40,179, சஜித் 45,30,902. நான் மறுபடி தொடங்கினேன், ஒரு 2 போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும், கையிலே பேனை இருந்ததே என்று. அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "சரி, போட்டிருந்தால் ஆருக்குப் போட்டிருப்பாய்?"

சஜித் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அநுர என்றும் வரவில்லை. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார், விரலில் மை அப்படியே இருந்தது. "அப்ப ஏன் காலமையில இருந்து புலம்புறாய்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அப்பா சத்தமாகவே சிரித்தார்.