"வாக்கெடுப்பின்றி நிறைவேற்றப்பட்டது"

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணன், தன் வீட்டுக்கு வந்த ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பினார். அந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் நுகர்வோர் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரச் சட்டங்களுக்கு எப்படி வாக்களித்தார்கள் என்று அதில் பெயர் பெயராகப் போட்டிருக்கிறது. நமது மட்டக்களப்பு, அம்பாறை எம்.பி.மாரைப் பற்றி இப்படி ஒரு தாள் ஏன் இல்லை? இன்னொன்றும் யோசிக்கிறேன். மருந்து விலையும் பால்மா விலையும் பேசவா நாங்கள் அவர்களை அனுப்பினோம்? காணி, காணாமல் போனவர்கள், அதிகாரப் பகிர்வு என்று எவ்வளவோ கிடக்க, இது சின்ன விசயம் இல்லையா?
— ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். இது சின்ன விசயம் இல்லை, சகோதரி.

ஒரு கிளினிக் நாள். வைத்தியசாலை வாசலுக்கு எதிரே உள்ள பார்மசியில் எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கிளினிக் கொப்பி, அதற்குள் மடித்து வைத்த ஒரு துண்டு. உள்ளே இல்லாத இரண்டு மருந்தை வெளியில் வாங்கும்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிரஷருக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு ஒன்று. ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று கடைப் பொடியன் கல்குலேட்டரில் தட்டிக் காட்டினான். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "பத்து நாளைக்கு மட்டும் தா மனே" என்றார். பொடியன் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டினான். அம்மாவுக்குக் கிடைத்த துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருந்தது. காலாவதித் திகதி மற்றத் துண்டோடு போய்விட்டது.

அந்த அம்மாவை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். காந்தி பூங்காவுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி நின்றவர். மகனைத் தேடி அலைவதற்கும் அவருக்கு அந்தப் பிரஷர் குளிசை வேண்டும். அவருடைய வாக்கை வாங்கிப் போனவர் படத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும், குளிசைக்குச் சொல்ல வேண்டாம் என்று நாமே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இனி அண்ணன் அனுப்பிய தாளுக்கு வருவோம். கார்களின் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் பெரும் கம்பனிகளோடு மோதிய ரால்ஃப் நாடரின் தூண்டுதலில், 1970களின் தொடக்கத்தில் மாநிலம் மாநிலமாகப் பொதுநலன் ஆய்வுக் குழுக்கள் உருவாகின. இப்படியான குழுக்கள்தான் இந்தப் பட்டியல்களைப் போடுகின்றன. சில சட்டமூலங்களைத் தெரிந்தெடுத்து, ஆதரித்தவர், எதிர்த்தவர், வராதவர் என்று ஒவ்வொரு உறுப்பினரின் பெயருக்கும் நேரே குறிப்பார்கள். எந்தச் சட்டமூலத்தை எடுப்பது, எதை விடுவது என்பது குழுவின் தீர்மானம். ஆகவே உங்கள் அண்ணன் அதை வேதமாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் போடுவதற்கு அங்கே பெயரோடு பதிவான வாக்கு இருக்கிறது.

வராதவர் என்ற அந்தக் கட்டத்தைக் கவனியுங்கள். கலிபோர்னியாவின் கீழ்ச்சபையில் 80 பேர். சாதாரண சட்டமூலம் நிறைவேற 41 வாக்கு வேண்டும். வந்தவர்களில் பாதிக்கு மேல் என்ற கணக்கு அங்கே செல்லாது, மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் கிடைக்க வேண்டும். அதனால் வாக்களிக்காமல் நழுவியவரும் எதிர்த்தவரும் ஒன்றுதான். அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. செலவு கூடிய சட்டமூலங்களை நிதி ஒதுக்கீட்டுக் குழு கோப்பில் நிறுத்திவைத்து, சபையின் வாக்குக்கே வரவிடாமல் முடித்துவிடும். அப்படி இறந்துபோன சட்டமூலத்துக்கு உங்கள் அண்ணனின் தாளில் இடம் கிடைப்பது அரிது.

நம்மிடம் குறை அதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது. பத்திரிகையில் அடிக்கடி படித்திருப்பீர்கள்: "சட்டமூலம் வாக்கெடுப்பின்றி நிறைவேற்றப்பட்டது." சபாநாயகர் கேட்பார், "ஆம்" என்று குரல் எழும், காரியம் முடிந்தது. யாராவது எழுந்து வாக்கெடுப்புக் கேட்டால்தான் பெயர்கள் பதிவாகும். 225 பேர் கொண்ட சபைக்குக் கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் நடக்க இருக்கவேண்டிய ஆகக்குறைந்த எண்ணிக்கை, வெறும் 20. முடிவு, வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை. வராமல் இருப்பதால் எவருக்கும் எந்தச் செலவும் இல்லை. இதற்குமேல், குழுநிலையில் கடைசி நேரத்தில் நுழையும் திருத்தங்கள் இருக்கின்றன. அமைச்சர் வர்த்தமானியில் போட்டுப் பிறகு சபையின் அங்கீகாரத்துக்கு வரும் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. குளிர்பானப் போத்தலில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டமாகப் போடவேண்டும் என்று 2016இல் வந்தது அப்படி ஒரு ஒழுங்குவிதிதான். நம் பிள்ளைகள் குடிப்பதை நேரடியாகத் தொடும் விதி அது. நம் எம்.பி.மாரில் ஒருவரிடமாவது அதைப் பற்றி நாம் கேட்டோமா?

கையை உயர்த்துவதால் என்ன நடக்கும் என்பதற்குச் சிகரெட் பெட்டியைப் பாருங்கள். பெட்டியின் 80 வீதத்தில் நோயின் படம் இருக்க வேண்டும் என்று 2012இல் சுகாதார அமைச்சு ஒழுங்குவிதி கொண்டுவந்தது. கம்பனி நீதிமன்றம் போனது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 50 முதல் 60 வீதம் என்று குறைத்தது. 2015இல் பாராளுமன்றம் புகையிலையைக் கட்டுப்படுத்தும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தையே திருத்தி 80 வீதத்தை மீண்டும் கொண்டுவந்தது. கல்முனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அந்தப் பெட்டியை இன்று கையில் எடுத்தால் நீங்கள் பார்க்கும் தொண்டைப் புற்றும் அழுகிய வாயும் சபையில் எடுத்த முடிவு. அதே 2015இல்தான் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் வந்தது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் வகுத்த மருந்துக் கொள்கைக்குச் சட்டத்தின் பலம் கிடைக்க ஏறத்தாழ நாற்பது வருடம் போனது. அந்த நாற்பது வருடமும் பார்மசியில் பணம் கட்டியவர்கள் நாம்.

பெயரோடு பதிவான வாக்குகளும் உண்டு. அவற்றையாவது நாம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் சராசரியாக 66 வீதம் ஏறியது. அதை வெளிப்படையாக எதிர்த்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவரைப் பதவி நீக்கும் தீர்மானம் அந்த மே 24ஆம் திகதி சபைக்கு வந்து, 123க்கு 77 என்று நிறைவேறியது. அவர் மீது வேறு குற்றச்சாட்டுகளும் வைக்கப்பட்டன; அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் மின்கட்டணத்துக்கு ஒப்புதல் கொடுக்கவும் பாவனையாளரைக் காக்கவும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆணைக்குழு அது. அதன் தலைவரை நீக்கக் கை உயர்த்தியவர், வாழைச்சேனையில் மின் பில்லோடு நிற்கும் குடும்பத்துக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

அதே வருடம் செப்டெம்பர் 8ஆம் திகதி, மருந்துத் தட்டுப்பாடும் தரமற்ற மருந்துகளும் பேச்சாகிக் கிடந்த நேரத்தில், சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 73, எதிராக 113. தோற்றது. அடுத்த மாதமே அவரிடமிருந்து அந்த அமைச்சு போனது. 2024 பெப்ரவரியில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்துக் கொள்வனவு தொடர்பான விசாரணையில் அவர் கைதானார். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு உறுத்துவது 73ஐயும் 113ஐயும் கூட்டினால் வரும் 186. மீதிப் பேர் அன்று எங்கே? நம் இரண்டு மாவட்டத்திலும் எந்த மேடையிலாவது இந்தக் கேள்வி எழுந்து நான் கேட்டதில்லை. நான் உட்படப் பத்திரிகைக்காரர்களும் எழுப்பவில்லை. அது எங்கள் தவறு.

அண்ணன் சொல்லும் மாநிலச் சட்டமன்றத்துக்கு நம்மிடம் ஓரளவு ஈடானது கிழக்கு மாகாண சபை. 37 ஆசனம், மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14. 1987இல் வந்த 13ஆம் திருத்தப்படி சுகாதாரம் மாகாணத்திடமும் உள்ள விடயம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கொழும்பின் நேரடிப் பொறுப்பு. ஊர்களிலுள்ள பிரதேச வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாணத்தின் பொறுப்பு. அந்தச் சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் நடத்துகிறார். உங்கள் ஊர் வைத்தியசாலையைப் பற்றி நியதிச் சட்டம் ஆக்கவேண்டிய சபையில் யார் எப்படி வாக்களித்தார் என்று கேட்டால், இத்தனை வருடமாக வாக்களிக்க ஒருவரும் இல்லை. அதிகாரப் பகிர்வும் மருந்தும் வெவ்வேறு விசயம் என்று நினைத்தீர்களே, களுவாஞ்சிகுடியில் அவை இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன.

செய்யக்கூடியது இருக்கிறது. சபை நடவடிக்கைகளின் பதிவான ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கும். பேச்சுகள் பேசிய மொழியிலேயே அச்சாகும் என்பதால் பெரும்பகுதி சிங்களத்தில் இருக்கும். பேச்சை விட்டு வாக்களித்தோர் பட்டியலைத் தேடுங்கள். அதுவும் முடியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பாராளுமன்றத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் முடிவு தர வேண்டும்.

நீங்கள் கேட்ட தாளை நாங்கள் போடுகிறோம். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனம், அம்பாறையின் தேர்தல் மாவட்டமான திகாமடுல்லவுக்கு 7. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பார்க்காமல் 12 பேருக்கும் கடிதம் எழுதுகிறோம். கடந்த பாராளுமன்றத்தில் இருந்தவர்களிடம் 2023 மே 24ஆம் திகதியும் செப்டெம்பர் 8ஆம் திகதியும் எப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்போம். சொல்வதை ஹன்சாட்டோடு ஒத்துப் பார்ப்போம். எல்லோரிடமும் கேட்பது ஒன்று: மருந்து, உணவு, மின்சாரம் பற்றிய சட்டமூலம் வரும்போது எழுந்து நின்று வாக்கெடுப்புக் கேட்பீர்களா?

உங்களிடமும் ஒரு வேலை ஒப்படைக்கிறேன், சகோதரி. வெளியில் வாங்கும்படி எழுதிக் கொடுத்த துண்டுகள் உங்கள் வீட்டிலும் அயலிலும் இருந்தால், நோயாளியின் பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் மறைத்துப் பிரதி எடுத்து அனுப்புங்கள். கடிதத்தோடு அவற்றையும் வைத்து அனுப்புவோம். அட்டவணையில் 12 கட்டம் இருக்கும். பதில் வராதவரின் கட்டம் பெயரோடு வெறுமையாக அச்சாகும்.