மூன்றாம் நாளே பால்மாவா?

கேள்வி: மகன் பிறந்து மூன்று நாள். பால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, பிள்ளை ஓயாமல் அழுகிறான். பால்மா கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார் மாமி. கொடுக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவசரப்படாதீர்கள். முதல் நாட்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். பச்சைப் பிள்ளையின் வயிற்றுக்கு அது போதும். பால் நிறையச் சுரக்க 2 முதல் 5 நாள் எடுக்கும். சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் பிந்தலாம். இதற்குள் போத்தலைக் கொடுத்தால் பிள்ளை மார்பில் உறிஞ்சுவது குறையும், உறிஞ்சுவது குறைய சுரப்பும் குறையும். மாமியின் எண்ணம் நல்லதுதான், பலன் தலைகீழாகிவிடும்.

24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை கொடுங்கள், இரவிலும். காம்பை மட்டும் சப்பினால் காம்பு வெடிக்கும், பாலும் வராது. பிள்ளை வாயை அகலத் திறந்ததும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போகட்டும். நாடி மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். சரிவராவிட்டால் வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் பால் கொடுத்துக் காட்டுங்கள். கொழும்பு வெக்கைக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் பருக்கத் தேவையில்லை.

சிறுநீரை எண்ணுங்கள்: 3ஆம் நாள் 3 தடவையாவது, 5ஆம் நாளுக்குப் பிறகு 6 அல்லது அதற்கு மேல். அது குறைந்தாலோ, பாலுக்கு எழும்பாமல் பிள்ளை தூங்கினாலோ, உடல் மஞ்சளானாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.