300 ஏக்கர் எத்தனை பேருக்குச் சோறு போடும்?

கேள்வி: 1955-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். கற்பனை ஊர். ஏரிப் பாசனத்தில் 300 ஏக்கர் நன்செய். அதில் பாதி காஞ்சிபுரத்து மிராசுதாருடையது. மக்கள்தொகை 8,000 என்று வைத்திருக்கிறேன். பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 8,000 பேர் என்றால் 1,600 வீடுகள். உங்கள் நாவலில் வரும் ஒரே சலவைத் தொழிலாளி அத்தனை வீட்டுத் துணியையும் எப்படி வெளுப்பார்?

நெல்லிலிருந்து கணக்குப் போடுங்கள். உர மூட்டைகள் பரவலாவதற்கு முந்தைய காலம். ஏக்கருக்கு 600 கிலோ நெல் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 1,80,000 கிலோ. விதை நெல்லுக்கு 9,000 போகட்டும். விதை போக மிராசுதார் நிலத்தில் மிஞ்சியதில் சரிபாதி, வாரமாக, அதாவது நிலக்காரர் பங்காக, வண்டியேறிவிடும். நன்செய்க் குத்தகையை 40 சதவீதமாக வரையறுத்த சட்டம் 1956-இல்தான் வந்தது. உங்கள் கதை அதற்கு முந்தைய ஆண்டு. ஊரில் தங்குவது சுமார் 1,28,000 கிலோ. ஆளுக்கு ஆண்டுக்கு 240 கிலோ நெல் என்றால் 530 பேர் சாப்பிடலாம். மேட்டு நிலத்துக் கேழ்வரகையும் சேர்த்தால் 700 பேர், 140 வீடுகள்.

நடவை வைத்தும் சரிபாருங்கள். ஏக்கருக்கு 15 பெண்கள், இருபது நாளில் முடிக்க வேண்டும் என்றால் தினமும் 225 பேர் சேற்றில் இறங்க வேண்டும். 700 பேர் உள்ள ஊரில் நாற்று நடத் தெம்புள்ள பெண்கள் ஏறத்தாழ 200 பேர் இருப்பார்கள். மீதிப் பேர் பக்கத்து ஊரிலிருந்து விடியலில் நடந்து வருவார்கள். கணக்கு சரியாகவே இருக்கிறது.

8,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலில் இருப்பது வருவாய்க் கிராமம், அதாவது நிலக் கணக்குக்காக வருவாய்த் துறை வகுத்த எல்லை. அதற்குள் நாலைந்து குக்கிராமங்கள் இருக்கும். ஆளே இல்லாத வருவாய்க் கிராமமும் உண்டு. இன்றும் தமிழ்நாட்டின் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளில் 79,000-க்கு மேற்பட்ட குடியிருப்புகள் இருக்கின்றன. 2011-இன் ஊரக மக்கள்தொகை 3.72 கோடி, வகுத்துப் பாருங்கள், ஒரு குடியிருப்புக்கு 500 பேர்கூட வராது. வருவாய்த் துறைக்கு ஓர் எல்லை, ஊராட்சிக்கு ஓர் எல்லை. இவற்றை ஒன்றாக்க இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் மனம் வரவில்லை. 2021-இல் முடிந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பே பல ஆண்டுகள் தள்ளிப்போனது.

இந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ‘பழைய கிராமப் புள்ளிவிவரம் எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஓர் எழுத்தாளர் நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய தாள்கள், கணக்கெடுப்புத் துறை இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கும் மாவட்டக் கையேட்டின் நகல். அதிலும் சேரி மக்களின், அதாவது பட்டியல் சாதியினரின், எண்ணிக்கை உள்ள பக்கத்தை விட்டுவிட்டிருந்தார்கள். அந்த மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பட்டியல் சாதியினர். 700 பேரில் அவர்களை மறந்துவிட்டால், நடவுக்கும் அறுப்புக்கும் உங்கள் நாவலில் ஆளே இருக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு, நெசவு. காஞ்சிபுரம் அருகில் இருப்பதால் சொல்கிறேன். தறி இருக்கும் ஊர் தன் நெல்லை மட்டும் நம்பி வாழ்வதில்லை. கூலிக் காசில் சந்தையில் அரிசி வாங்கும். இதே நிலத்தில் 2,000 பேர்கூட இருக்கலாம். ஆனால் எண்ணை மட்டும் ஏற்றிவிட்டு ஊரை அப்படியே விட்டுவிடக் கூடாது. விடியற்காலையில் பாவு (துணியில் நீளவாக்கில் ஓடும் நூல்) நீட்ட நேரான, நீளமான தெரு வேண்டும். வீட்டு முன்கூடத்தில் தறிக்குழி வேண்டும். பாட்டியும் பிள்ளைகளும் நூல் சுற்ற வேண்டும். நூல் தந்து புடவை வாங்கிப் போகும் முதலாளி ஒருவரும் வேண்டும். இவை கதையில் இல்லையென்றால் 700-லேயே நில்லுங்கள்.