ரமலான் நோன்பு ஏன் ஒவ்வொரு வருடமும் தேதி மாறி வருகிறது?

ரமலான் என்பது இஸ்லாமிய ஆண்டின் ஒன்பதாம் மாதம். நபிகளுக்குக் குர்ஆன் இறங்கத் தொடங்கிய மாதம் அது, அதனால்தான் அந்த மாதம் முழுக்க விடியலுக்கு முன்பிருந்து சூரியன் மறையும்வரை ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு இருக்கிறார்கள். நபிகள் மக்காவிலிருந்து மதீனா போன 622-இலிருந்து எண்ணும் இந்தக் காலண்டர் முழுக்க நிலவை வைத்தது. பிறைக்குப் பிறை ஒரு மாதம், 29 அல்லது 30 நாள், பன்னிரண்டு மாதம் கூட்டினால் சுமார் 354 நாள்தான், அதனால் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துவிடும்.

நம் தீபாவளியும் நிலவை ஒட்டியதுதான், ஆனால் அதை ஐப்பசியோடு கட்டிவைத்திருக்கிறோம். இஸ்லாத்தில் அப்படிக் கட்டுவதில்லை. கூடுதல் மாதம் சேர்த்துச் சரிக்கட்டுவதைக் குர்ஆனே தடுக்கிறது. அதனால் சுமார் 33 வருடத்தில் ரமலான் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். ஊட்டியில் ஜனவரி உறைபனியிலும் நோன்பு வரும், 2016 போல கூடலூரில் ஜூன் மழை கொட்டும்போதும் வரும், குடையோடு பள்ளிவாசலில் நின்று தூக்குவாளியில் சுடச்சுட நோன்புக் கஞ்சி வாங்கிப் போவார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு, ஏனென்றால் எந்த ஊர்க்காரருக்கும் நிரந்தரமாகக் கடினமான பருவமே வாய்க்காது. சரி, மூடுபனியில் பிறை தெரியாவிட்டால்? வேறு ஊரில் பார்த்த நம்பகமான தகவல் போதும், அதுவும் இல்லையென்றால் நடப்பு மாதத்தை 30 நாளாக முடித்துக்கொள்வார்கள்.

பிறை பார்ப்பதால் நிலவை வணங்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: சூரியனுக்கும் சந்திரனுக்கும் தலைவணங்காதீர்கள், அவற்றைப் படைத்தவனுக்கே வணங்குங்கள் என்று குர்ஆனின் 41-ஆம் அத்தியாயம் நேரடியாகவே சொல்கிறது.