மழை போகிற வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்த மனையில், 7,000 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். என் அப்பா தன் உத்தியோகக் காலம் முழுவதையும் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் கழித்தவர். அவர் இருக்கும்போதே அவரை ஒரு நல்ல வீட்டில் குடிவைக்க வேண்டும் என்பதே இத்தனைக்கும் காரணம்.

கடல் பக்கம் முழுவதும் இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடிச் சுவர். தரைக்கு இத்தாலியப் பளிங்கு, குளியலறைகளுக்கு ஜெர்மன் குழாய்கள். முகப்புக் கூடத்தில் நிறுத்துவதற்குக் காரைக்குடியில் எட்டுத் தேக்குத் தூண்களை ஆர்க்கிடெக்ட் பேசி வைத்திருக்கிறார். வருகிறவர்களில் ஒருவர் வாஸ்து என்கிறார், இன்னொருவர் ஹோம் ஆட்டோமேஷன் என்கிறார். செலவு செய்தால் தரம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. உயர்தரமான வீடு என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? ஆர்க்கிடெக்டின் கட்டணம் அதிகமோ என்றும் என் மனைவி கேட்கிறார்.

அன்புடன்,
ச., சென்னை

அன்புள்ள ச.,

வீடு கட்டுகிறவர்களின் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. கட்டிமுடிக்கும்வரை அவர்கள் எதையும் காதில் வாங்கமாட்டார்கள் என்பது என் அனுபவம். ஆனால் இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுனுகங்கவுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து இதே கேள்வியைத்தான் நானும் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சில்லறைகளைத் தள்ளிவிடலாம். வாஸ்து உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நிம்மதி தருமானால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆட்டோமேஷன் பத்து ஆண்டுகளில் பழசாகிவிடும், ஆகவே அதைச் சுவருக்குள் புதைக்காமல் கழற்றி மாற்றும்படி வைக்கச் சொல்லுங்கள். குழாய் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் கிடையாது.

லுனுகங்க, கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் தோட்ட வீடு. இப்போது அங்கே இன்னொரு வீடும் நிற்கிறது. மெழுகுச் சாயத் துணி ஓவியமான பாத்திக்கில் பெயர்பெற்ற கலைஞர் ஏனா த சில்வாவுக்காக, 1960களின் தொடக்கத்தில், கொழும்பில் பாவா கட்டிய வீடு அது. பிற்காலத்தில் அந்த நிலம் கைமாறியபோது வீட்டை இடித்துப்போட மனம் வராமல், கல்லையும் மரத்தையும் கழற்றி, எண் போட்டு, கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அது எழுந்த காலத்தில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் என்று பெருமையாகச் சொல்ல அதில் அநேகமாக எதுவுமில்லை: உள்ளூர்க் கருங்கல், உள்ளூர் மரம், ஓடு, நடுவே ஒரு பெரிய முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம். ஒரு மனிதர் தன் செல்வத்தைக் காட்டுவதற்காகக் கட்டும் எந்த மாளிகையையும்விட அது செல்வமாக இருக்கிறது. நான் நின்றுகொண்டிருந்தபோது மழை பிடித்தது. கூரையின் இறவாரம் வெகுதூரம் வெளியே நீண்டிருந்ததால், தாழ்வாரத்தில் நாற்காலியை நகர்த்தவேண்டிய அவசியம்கூட யாருக்கும் ஏற்படவில்லை.

பாவாவின் கூரை ரகசியம் மிக எளிமையானது. ஓட்டுக்கூரை அழகு, குளிர்ச்சி. ஆனால் ஓடு நகர்ந்தால் ஒழுகும். சிமெண்ட் நெளிதகடு ஒழுகாது. ஆனால் அவலட்சணம், வெயிலில் கொதிக்கும். அவர் தகட்டின் மேல் நாட்டு ஓட்டைப் பரப்பினார். அழகும் ஒழுகாமையும் ஒரே கூரையில் வந்து சேர்ந்தன. கீழே இருக்கும் தகட்டை ஒருவரும் பார்ப்பதில்லை, புகைப்படத்திலும் அது வராது. அவருடைய அலுவலகத்தில் பின்னாளில் பங்குதாரராக இருந்த பொறியாளர் கே. பூலோகசுந்தரம் ஒரு தமிழர் என்பதை நம்மவர்களில் எத்தனைபேர் அறிவார்கள்? கட்டிடம் என்றால் கலைஞரின் பெயர் மட்டும் நிற்கும், அதை நிற்கவைத்தவரின் பெயர் நிற்காது. சரி, அது வேறு கதை.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். பாரிஸுக்கு அருகே புவாசி என்ற ஊரில், 1931 வாக்கில் கட்டிடக் கலைஞர் லெ கார்புசியே கட்டிமுடித்த வில்லா சவோய் என்ற வீடு, உலகத்தில் கட்டிடக்கலை படிக்கும் எல்லா மாணவர்களுக்கும் பாடம்; இன்று உலகப் பாரம்பரியச் சின்னமும்கூட. அதில் குடியிருந்த சவோய் அம்மையார் அவருக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். கூடத்தில் மழை பெய்கிறது, சாய்தளத்தில் மழை பெய்கிறது, கார் நிறுத்தும் இடத்துச் சுவர் ஊறிப்போய்விட்டது என்று 1936இல் எழுதினார். மறுவருடம் வழக்குப் போடுவேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டார். போர் வந்தது, அவர்கள் வெளியேறினார்கள், வழக்கு இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் ஓர் அருவியின் மேலேயே கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டுக்கு, அதன் சொந்தக்காரரான காஃப்மன் ‘ஏழு வாளி வீடு’ என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். ஒழுகும் இடங்களில் வைத்த வாளிகளின் கணக்கு. அடியில் தூணில்லாமல் வெளியே நீளும் அதன் புகழ்பெற்ற தொங்கு தளங்கள் கீழே சரிந்துகொண்டே போய், 2002இல் உள்ளே எஃகு வடங்களை இழுத்துக்கட்டி நிறுத்தவேண்டி வந்தது. இரண்டும் மகத்தான கலைப்படைப்புகள் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் காஃப்மனுக்கு அது வார இறுதியில் போய்வரும் வீடு. வாளி வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம். உங்கள் அப்பா எங்கே திரும்புவார்?

என் பெரியப்பா மேஸ்திரி. பள்ளி விடுமுறைகளில் அவரோடு கட்டிட வேலை நடக்கும் இடங்களில் திரிந்திருக்கிறேன். மொட்டை மாடியில் சுர்க்கி என்கிற செங்கல்தூள் சுண்ணாம்புக் கலவையைப் போட்டுத் தட்டோடு பதித்து முடித்தபிறகு, அவர் ஒரு குடம் தண்ணீரை ஆக உயரமான மூலையில் கவிழ்ப்பார். பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் எங்கெல்லாம் தயங்குகிறதோ அங்கெல்லாம் செங்கல் துண்டால் ஒரு வட்டம் போடுவார். மறுநாள் காலை அந்த வட்டத்துக்குள் இருக்கும் தட்டோடு முழுவதும் பெயர்க்கப்படும். வீட்டுக்காரர் பதறுவார்: “அந்தத் தண்ணி வெயில்ல காஞ்சிடுமே, மேஸ்திரி.” பெரியப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஐப்பசியில எந்த வெயில் சார் வருது?” என்பார். அவருக்குக் கூலி கொடுக்கும் முதலாளிகளில் பலருக்கு அவரைப் பிடிக்காது. இன்று அந்த ஊருக்குப் போனால் அவர் கட்டிய வீடுகளை வெளியிலிருந்தே என்னால் அடையாளம் காட்ட முடியும், சுவரில் ஓதம் இருக்காது.

வாட்டம், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவு, சரியாக இல்லாத தளத்தில் தேங்கும் நீர் சும்மா இருப்பதில்லை. அது மயிரிழை வெடிப்பைத் தேடிப்போகும். உள்ளே கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். நீங்கள் கட்டுவதோ கடற்கரையில். உப்புக் காற்று இந்த வேலையைப் பலமடங்கு வேகமாக்கிவிடும். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் விடவேண்டிய கான்கிரீட் கனத்தை, கவர் பிளாக் என்கிற சிறு கட்டைகளை வைத்துச் சரியாக விட்டார்களா என்று யாராவது பார்த்தார்களா? இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பளிங்கின் பிறந்த ஊர் இருக்கிறது. மழைநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது, ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளிந்து ஓடுகிறதா, அடைத்துக்கொண்டால் எந்த வழியாகக் கை விடுவது, குளியலறையின் தாழ்த்திப் போட்ட தளத்தில் (சங்கன் ஸ்லாப்) தண்ணீரைத் தேக்கி நிறுத்திப் பார்த்தார்களா, சன்ஷேடின் அடிவிளிம்பில் நீர் சுவரை நோக்கித் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடுவதற்கான சிறு பள்ளக்கோடு போட்டார்களா, ஒன்றும் இல்லை. அந்தக் கோட்டுக்கு ஆகும் செலவு ஒரு கொத்தனாரின் சில மணிநேரம். அது இல்லாத கோடிரூபாய் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் மழைக்காலத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழும் கறுப்பாகக் கண்மை வழிந்திருக்கும்.

சென்னைக்கு ஆண்டில் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், வடகிழக்கிலிருந்து, கடற்காற்றோடு சாய்ந்து வருகிறது. நீங்கள் எந்தத் திசையில் கண்ணாடிச் சுவர் வைக்கிறீர்கள்? அதே கிழக்கில். அதற்குமேல் இறவாரமோ சன்ஷேடோ உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றே ஊகிக்கிறேன், படத்தில் கோடு சுத்தமாகத் தெரியவேண்டும் என்பார்கள். புயல் மழை அந்தக் கண்ணாடியின் ஒவ்வொரு இணைப்பையும் சோதிக்கும். மழை இல்லாத நாட்களில் காலை வெயில் உங்கள் கூடத்துக்குள் படுத்துக்கிடக்கும். நீங்கள் திரையை இழுத்துவிட்டு ஏசி போடுவீர்கள், கடல் தெரியாது. கட்டிடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு 1951இல் அமெரிக்காவின் இல்லினாயில் கட்டிக்கொடுத்த கண்ணாடி வீட்டிலும் கோடை வெக்கையும் கொசுவும்தான் மிஞ்சின. ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி 5 அடிக்குமேல் தூக்கிக் கட்டிய அந்த வீட்டுக்குள் 1954இல் வெள்ளம் புகுந்தது. பணத்தகராறில் கலைஞரும் டாக்டரும் நீதிமன்றம் வரை போனார்கள் என்பதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். கட்டணத்தை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்வது நல்லது. அதிகமா இல்லையா என்பது அவர் எத்தனைமுறை வேலையிடத்துக்கு வந்து நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

தூண்களுக்கு வருகிறேன். இதில் நான் கோபப்படப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி நிற்கும் தூண் அலங்காரம் அல்ல. நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் உள்நோக்கிச் சரிந்து, மூலைகளில் கூடல்வாய்களில் ஒன்றுசேர்ந்து, மழையை முற்றத்தில் இறக்குகிறது. அந்தக் கூரை விளிம்பைத் தாங்குவதற்கு அங்கே தூண் வேண்டும். தரையில் தெறிக்கும் நீர் மரத்தைத் தொடக்கூடாது என்பதற்காக அதற்குக் கீழே கல். முற்றத்து நீர் அண்டாக்களுக்கும் கிணற்றுக்கும் போனதுபோக, மிச்சம் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும். ஒரு வீட்டின் கூரை ஓர் ஊரின் குடிநீரோடு பிணைக்கப்பட்டிருந்தது. அந்த வீடுகளிலும் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இருந்தன, பகட்டுக்குக் குறைவே இல்லை. ஆனால் பகட்டுக்கு அடியில் இந்த அமைப்பு இருந்தது. பங்காளிகளுக்குள் ஒத்துவராமலோ பராமரிக்க முடியாமலோ அந்த வீடுகள் பிரிக்கப்பட்டு, கதவு தனியாக, நிலை தனியாக, தூண் தனியாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அடுக்கப்படுகின்றன. 2014இல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஒருபக்கம் பட்டியல், மறுபக்கம் லாரி. நீங்கள் அந்த எட்டுத் தூண்களைக் கொண்டுவந்து, எதையும் தாங்காமல், ஏசி போட்ட கூடத்தில், ஒரு சொட்டு மழையும் படாத இடத்தில் நிறுத்தப்போகிறீர்கள். உங்களிடம் வந்துசேருவதற்காக எந்த வீடு பிரிக்கப்பட்டது என்று கேட்டீர்களா? இதைத் தரம் என்று உங்களுக்குச் சொன்னவர் யார்?

கடுமையாக எழுதிவிட்டேன். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த அப்பாவுக்காக வீடு கட்டும் மகனைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை இல்லை. திருவல்லிக்கேணியில் உங்கள் அப்பாவுக்கு ஒரு முற்றமும் அதைச் சுற்றிப் பத்துக் குடும்பங்களின் பேச்சுக்குரலும் இருந்திருக்கும். அவருடைய அறையைத் தரைத்தளத்தில் வையுங்கள். அதிலிருந்து நேராகத் தாழ்வாரத்துக்கு ஒரு வாசல் வேண்டும். மழைக்காலத்திலும் அவர் வெளியே உட்கார்ந்து பேப்பர் படிக்கும் அளவுக்கு அந்தத் தாழ்வாரம் அகலமாகவும் அதன் கூரை தாழ்வாகவும் இருக்கட்டும். வேலைக்கு இருப்பவர்களின் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்பதையும் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த தவணை கொடுக்கும் முன்பு ஆர்க்கிடெக்டை வேலையிடத்துக்கு அழைத்துப்போங்கள். கூரையின் உச்சியில் விழும் ஒரு துளி மனையை விட்டு வெளியேறும்வரை, அல்லது மழைநீர்த் தொட்டியைச் சேரும்வரை, எந்த வழியாகப் போகிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். வழியில் எங்கும் தடுமாறாமல் காட்டிவிட்டால் அவர் நல்லவர். பளிங்கையும் குழாயையும் அவர் போக்கில் விட்டுவிடுங்கள். “அதையெல்லாம் பிளம்பர் பார்த்துக்கொள்வார்” என்று சொன்னால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். தூண்களுக்கு எப்படியும் பணம் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்