எந்த ஆர்பிஜி புத்தகத்துக்கு அலமாரியில் இடம்? கேள்வி பதில்

(ஆர்பிஜி: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்திப் போகும் ஆட்டம். இங்கே புத்தகம் என்றால் அதன் விதிநூல்.)

புதுப்பகடை: இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்று அடிப்படைப் புத்தகங்களையும் வாங்கிவிடட்டுமா?

வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023-இலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதை வைத்து நாலு ஆட்டம் ஆடுங்கள். அப்புறமும் கை புத்தகத்தைத் தேடினால், மூன்றில் ஆடுபவருக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் மட்டும் வாங்குங்கள்.

தூசித்தட்டு: நாற்பது புத்தகம் சேர்ந்துவிட்டது. பாதியைக் கழிக்க வேண்டும். எதை வைத்து முடிவு செய்வது?

நான் செய்வதைச் சொல்கிறேன். புத்தகத்தைத் திறக்காமல் கையில் எடுத்து, "இன்று மாலை நாலு பேர் வந்தால் இதை நடத்திவிடுவேனா?" என்று கேட்டுக்கொள்வேன். இழுத்து இழுத்துப் பதில் வந்தால் புத்தகம் கீழே இறங்கும்.

அப்புறம், இது செய்வதை வேறொன்று செய்யுமா என்று பார்ப்பேன். டிரெட் என்ற திகில் ஆட்டத்தில் பகடையே கிடையாது. ஜெங்கா கோபுரத்திலிருந்து கட்டையை உருவ வேண்டும். சாய்த்தவரின் பாத்திரம் கதையை விட்டே போய்விடும். அந்தக் கை நடுக்கத்தை வேறெந்த விதிநூலிலும் நான் பார்த்ததில்லை, அதனால் அது இருக்கிறது. வாளும் பூதமும் குகையுமாக ஆறு வைத்திருந்தேன், நாலைக் கொடுத்துவிட்டேன். ஒரே எலும்புக்கூட்டை ஆறு விதமாக அடிக்க அவ்வளவு காகிதம் எதற்கு?

துணைநூல் விஷயத்தில் நான் கறார். தாய்ப்புத்தகத்தை மூன்று முறை ஆடாமல் துணைநூல் வாங்காதீர்கள்.

கட்டைவிரல்: கால் ஆஃப் கதுலு இன்னும் ஆடவில்லை. கேம்பெயின் புத்தகங்களை, அதாவது தொடர்கதைத் துணைநூல்களை, மட்டும் முதலிலேயே வாங்கி வைக்கலாமா?

மேலே கடைசி வரி.

நள்ளிரவு: ஆடாவிட்டால்தான் என்ன? நான் வாசிக்க வைத்திருக்கிறேன். நாடகப் பிரதி வாசிப்பவர்கள் எல்லாம் மேடை ஏறுகிறார்களா?

பிரதியில் வசனமாவது இருக்கிறது. ஃபியாஸ்கோ என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதையை நடத்திக்கொடுக்கும் கேம் மாஸ்டர் கிடையாது. உறவு, தேவை, இடம், பொருள் என்று பட்டியல்கள்தான். படித்தால் ஏதோ சரக்குப் பட்டியல் மாதிரி இருக்கும். பகடையை உருட்டி, பக்கத்தில் இருப்பவர் உங்கள் பழைய கூட்டுக்களவாணி என்று ஆனபிறகுதான் அது புத்தகமாகும்.

நள்ளிரவு: அப்படியானால் டிராவலர்? யாரோடும் ஆடியதில்லை. தனியாக உட்கார்ந்து பாத்திரம் பாத்திரமாக உருட்டிக்கொண்டிருப்பேன்.

சரி, இதில் மாட்டிக்கொண்டேன். தெரியாதவர்களுக்கு: 1977-இல் வந்த விண்வெளி ஆட்டமான டிராவலரில் பாத்திரத்துக்குத் தொடக்கத்தில் 18 வயது. நான்கு ஆண்டு ஒரு பணிக்காலம். ஒவ்வொன்றிலும் பிழைத்தானா என்று இரண்டு பகடை உருட்ட வேண்டும். ஸ்கவுட் என்ற விண்வெளி ஆய்வுப் பணியில் 7-க்குக் குறைந்தால், உடல் தாங்குதிறன் கைகொடுக்காவிட்டால், ஆட்டம் தொடங்கும் முன்பே சாவு. 36-இல் 15 வாய்ப்பு. என் ஸ்கவுட் ஒருத்தி மூன்று காலம் தாண்டிவிட்டாள், வயது 30. அப்போதே ஓய்வு கொடுத்திருந்தால் கப்பல்கூடக் கிடைத்திருக்கலாம். பேராசைப்பட்டு நான்காவதற்கு உருட்டினேன், 5 விழுந்தது. அந்தத் தாளைக் கிழிக்க மனம் வராமல் இன்னும் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஆக, அதுவும் ஆட்டம்தான். ஆனால் நீங்கள் உருட்டினீர்கள், வாசிக்கவில்லை.

நள்ளிரவு: வாசிக்காமல் எப்படி உருட்டினேனாம்?

தூசித்தட்டு: நள்ளிரவு சொல்வது சரி. என் நாற்பதும் இருக்கட்டும்.

ஐயோ. தனியாகவேனும் பகடை தொட்டவற்றை வையுங்கள். அதற்குமேல் இறங்கிவர மாட்டேன்.

சின்னவன்: அண்ணா, பிடிஎஃப் போதாதா?

வாசிக்கப் போதும் தம்பி. ஆட்டத்தின் நடுவே ஒரு விதியைத் தேடும்போது காகிதம்தான் எனக்கு வேகம். லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் மாதிரி ஒற்றைப் பக்க ஆட்டங்களை அச்சிட்டு மடித்துச் செருகிவிடு, இடமே பிடிக்காது.

மேசைக்கால்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 புத்தகம் இருக்கிறது. 2024-உம் வேண்டுமா?

உங்கள் கூட்டம் எதை ஆடுகிறதோ அது மட்டும்.

வால்நட்சத்திரம்: நான் புதிது. மூன்று அடிப்படைப் புத்தகங்களும்...

முதல் கேள்வி.

கட்டைவிரல்: துணைநூல் தள்ளுபடியில் வருகிறதே?

மூன்று முறை ஆடினீர்களா?

நள்ளிரவு: அந்த ஸ்கவுட்டின் பெயர் என்ன?

வைக்கவில்லை. நான்காவது காலம் முடியட்டும் என்று இருந்தேன்.